இரண்டாவது தட்டு

எண்டர் விசை வேலை செய்யவில்லை.

பரிமளா மறுபடி அழுத்தினாள். திரையில் கோடு நின்ற இடத்திலேயே நின்று சிமிட்டியது. அதற்கு மேலே இருந்த விசையை அழுத்தினாள். அதுவும் இல்லை. வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்த் தொடுகிற இடம் முழுக்கச் செத்துக் கிடந்தது. மற்ற விசைகளெல்லாம் எழுத்தைக் கொடுத்தன.

கீபோர்டைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். கொஞ்சம் தூசியும் ஒரு கறுப்புத் துணுக்கும் மேசையில் விழுந்தன. துணுக்கை எடுத்து முகர்ந்தாள். சுட்ட முந்திரிக்கொட்டையின் தோல். எட்டு மாதம் திருச்சி ஆபீஸில் கிடந்துவிட்டுக் காலையில்தான் கம்ப்யூட்டரோடு கூரியரில் வந்து இறங்கிய கீபோர்டு. தோலில் இன்னும் காரம் போகவில்லை.

அருண்குமாருக்குப் போன் செய்தாள். அவள் புருஷன் உதயசூரியனிடம் வேலை பழகிய பையன் அவன். உதயசூரியன் செத்த பிறகு அந்த இடத்துக்கு வந்தவன். "அண்ணியும் கம்ப்யூட்டர் படிச்சவங்கதான்" என்று மேலே சொல்லி, அவளுக்கு வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி மூன்று மாதச் சோதனை வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

"கீபோர்டு நல்லாத்தான் இருக்கு அண்ணி. எடிட்டர்ல அண்ணனோட கான்ஃபிக் ஃபைலப் போட்டு அனுப்பிருக்கேன். அண்ணனுக்கு அந்த ரெண்டு வெரலு கெடையாதுல்ல. அதான் அந்தப் பக்கத்துக் கீயெல்லாம் ஆஃப் பண்ணி வச்சிருந்தாரு."

"அப்ப எண்டருக்கு?"

"ஸ்பேஸ் பாரக் கட்டை வெரலால அமுக்கிக்கிட்டு, இடது கையில ஒரு கீ. எல்லாத்துக்கும் அப்படித்தான். நாலு நாள்ல பழகிரும்."

"எனக்குன்னு ஒண்ணு எழுதிக்கிறேனே தம்பி."

"எழுதிக்கலாம் அண்ணி. அத எழுதி முடிக்கவே ஒரு மாசம் ஓடிரும். மேல இருக்கறவங்க ஸ்பீடத்தான் பாப்பாங்க. அண்ணன் ஸ்பீடுக்குக் காரணமே அந்த ஃபைலுதான். ரெடியா இருக்கு, அதுல உக்காருங்க."

பரிமளா உட்கார்ந்தாள்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு எடிட்டர் என்பது ஒரு வெற்றுப் பக்கம். எந்த விசை எதைச் செய்ய வேண்டும், எழுத்து என்ன அளவில் இருக்க வேண்டும், பின்னால் என்ன நிறம் வேண்டும் என்று ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அவரவர் கைக்கு அவரவர் கோப்பு. ஒருவர் கோப்பில் இன்னொருவர் உட்கார்ந்தால், அடுத்தவர் செருப்பைப் போட்டு நடக்கிற மாதிரி முதலில் தடுமாறும். கல்லூரியில் அவளும் ஒன்று எழுதி வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அது எங்கே போயிற்றென்று தெரியாது.

உதயசூரியனின் கோப்பைத் திறந்து பார்த்தாள். தலையில் அவனுக்காக அவனே எழுதிக்கொண்ட இரண்டு குறிப்பு வரிகள் இருந்தன.

பெயர்: உதயசூரியன்.

கை: இடது ஐந்து, வலது மூன்று.

*

சிறுவயதில் கடலை உடைக்கிற மெஷினின் பெல்ட் அவன் விரல்களைக் கொண்டுபோனது. அதைப் பற்றி யாரும் இரக்கப்பட்டுப் பேசினால் அவனுக்குப் பிடிக்காது. கைக்கு ஏற்றபடி உலகத்தை மாற்றிக்கொண்டான். வீட்டில் தண்ணீர்க் குடம் இடது பக்கம். உப்பு, சுவிட்சு, சாவி, பிள்ளை படுக்கிற இடம், எல்லாம் இடது பக்கம். அதட்ட மாட்டான். கை ஓங்க மாட்டான். ஒரு பொருள் இடம் மாறியிருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பான், அவள் வந்து எடுத்து வைக்கும் வரை. "என் கைக்கு எட்டுற மாதிரி வையி பரிமளா." அவ்வளவுதான் பேச்சு. அவள் புதுக்கோட்டையில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டபோதும் அப்படித்தான் நின்றான். அவள் போகவில்லை.

உள் அறையைத் தனக்கென்று வைத்துக்கொண்டான். சத்தம் கேட்கக்கூடாது என்று, திருமயம் பக்கத்தில் இடித்த பெரிய வீடொன்றிலிருந்து ஒரு பழைய கதவை ஏலத்தில் எடுத்து வந்து மாட்டினான். நான்கு ஆள் தூக்கிய கதவு. நடுப் பலகை இரண்டு விரற்கடைத் தடிமன். அறைக்குள் பக்கமாகத் திறக்கும். திறந்திருக்கும்போது கீல் பக்கம் நிலைக்கும் கதவுக்கும் நடுவே ஓர் இடுக்கு விழும். அந்த இடுக்கில்தான் அப்பனும் மகளும் விளையாடினார்கள்.

பக்கத்து வீட்டு மூக்காயி கொட்டகையில் முந்திரிக்கொட்டை சுட்டுத் தஞ்சாவூர் ரோட்டில் விற்பவள். கருகிப்போன கொட்டைகளை மகள் காவ்யாவுக்குக் கொடுப்பாள். மூன்று விரலால் ஓட்டை உடைக்க அவனுக்கு வராது. கொட்டையைக் கதவிடுக்கில் செருகிவிட்டு நாற்காலிக்குப் போய்விடுவான். காவ்யா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்: "அப்பா, சாத்தவா?" வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் ஸ்பேஸ் பாரைக் கட்டைவிரலால் ஓங்கித் தட்டுவான். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் வேண்டாம். ஒரு தட்டு விழுந்ததும் பிள்ளை உடம்பு முழுக்கச் சாய்ந்து கதவைத் தள்ளும். ஓடு நொறுங்கும்.

மாசி மாதத்தில் ஒரு காலை, கந்தர்வக்கோட்டை விலக்கில் அவன் வண்டியை லாரி அடித்தது. பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் அவன் பாய், தலையணை, சீப்பு, செருப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் மூக்காயிதான் ஒரு சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். செத்தவன் புழங்கிய பொருள் வாசலைத் தாண்டிப் போனால் போனதுதான். திரும்ப உள்ளே எடுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் அந்த வாரமே ஆபீஸ்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். அதுவும் சாக்கில் போனவற்றோடு சேர்த்தி என்று யாரும் நினைக்கவில்லை.

அதன் பிறகு பரிமளா உப்பை வலது பக்கம் வைத்தாள். யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. குடத்தை நகர்த்தினாள். கட்டிலைத் திருப்பிப் போட்டாள். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தாள். அழுகை வரும்போது அழுதாள். சில நாள் வராதபோது அதற்காகப் பயந்தாள். பொன்னமராவதியில் இருந்த அண்ணன் வந்து, "பிள்ளையக் கூட்டிக்கிட்டு அங்கிட்டு வந்துரு" என்றான். "ஒரு தடவ கட்டிக் குடுத்தீங்களே, ஒங்க கையில இன்னொரு தடவையா?" என்று கேட்டுவிட்டாள். அண்ணன் சாப்பிடாமல் போய்விட்டான். சொன்ன பிறகுதான் தன் வாழ்க்கை இனித் தன் கையில் இருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. அதற்கு இந்த வேலை நிலைக்க வேண்டும்.

கூரியர்க்காரன் வந்துபோன அன்று மூக்காயி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா, என்னா பெட்டி? மாப்ள வந்துருக்காரா பார்சல்ல?"

"ஆபீஸ் பொருளுக்கா."

"அவன் வச்சிருந்ததா?"

பரிமளா ஒரு கணம்தான் யோசித்தாள்.

"இல்லக்கா. புதுசு."

*

நான்கு நாளில் பழகும் என்று அருண்குமார் சொன்னான். இரண்டு நாளில் பழகிவிட்டது.

கட்டைவிரல் தட்ட இடது கை ஓடியது. வலது கையில் மூன்று விரல் போதும். மற்ற இரண்டும் காற்றில் நின்றன. நின்றால் வலித்தது, உள்ளங்கைக்குள் மடித்து வைத்தால் வசதியாக இருந்தது. மழை பிடித்துக்கொண்ட ஐப்பசி. முந்திரித் தோப்பின் ஈரம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து சுவரில் படர்ந்தது. மூக்காயி கொட்டகையின் புகை மழையால் மேலே போகமுடியாமல் தரையோடு தவழ்ந்து கதவுக்கடியில் நுழைந்தது. அந்த ஈரத்துக்கும் புகைக்கும் நடுவில், பெரிய கதவைச் சாத்திக்கொண்டு அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டும் சத்தத்தில் ஓர் ஒழுங்கு வந்திருந்தது. இடது பக்கம் பொலபொலவென்று கொட்டும். வலது பக்கம் மூன்று சொட்டு. பிறகு கட்டைவிரல், டொக்.

ஆறு வருடம் அந்தச் சத்தத்தைச் சமையலறையிலிருந்து கேட்டவள் அவள். இப்போது அது தன் கையிலிருந்து வந்தது.

ஒரு நாள் அவள் வேலையில் இருந்தபோது கதவுக்கு வெளியே காவ்யாவின் குரல் கேட்டது. "நான் மழையில வெளையாடவா?" அவள் பதில் சொல்லவில்லை. வரி முடிந்திருந்தது. கட்டைவிரல் தட்டியது. வெளியே பிள்ளை ஓடுகிற சத்தம். பரிமளா எழுந்துபோய்ப் பார்த்தபோது காவ்யா முற்றத்தில் தொப்பலாக நனைந்து நின்றாள்.

"யாருடி ஒன்னைய மழையில போகச் சொன்னது?"

"சரின்னு தட்டுனீல்ல."

தலையைத் துவட்டும்போது துண்டு கையிலிருந்து இரண்டு முறை நழுவியது.

வாரக் கடைசியில் அருண்குமார் பேசினான். அவன் குரலில் சந்தோஷம். "பெரியவரே கேட்டாரு அண்ணி, யாரு இதுன்னு. சத்தியமா சொல்றேன், அண்ணனே உக்காந்து அடிச்ச மாதிரி இருக்கு. அவரு வைக்கிற எடத்துலதான் நீங்களும் எடைவெளி வைக்கிறீங்க."

"அப்படியா" என்றாள்.

போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். உப்புக்குக் கை நீட்டினாள். இடது கை போய் இடது பக்கம் எடுத்தது. உப்பு அங்கே இருந்தது.

எழுந்து சமையலறை முழுக்கப் பார்த்தாள். குடம். தீப்பெட்டி. டம்ளர் கவிழ்க்கும் தட்டு.

"காவ்யா, நீ எதையாச்சும் எடுத்து மாத்தி வச்சியாம்மா?"

"எனக்குக் கொடம் தூக்க வருமா?" என்றாள் காவ்யா.

அன்று மாலை மழை விட்டிருந்தது. மூக்காயி சுட்ட கொட்டைகளை ஒரு தட்டில் கொட்டி வைத்து உடைத்துக்கொண்டிருந்தாள். பரிமளாவும் போய் உட்கார்ந்து இரண்டு கொட்டை எடுத்தாள். ஓட்டைப் பிடித்தாள். வழுக்கியது. மறுபடி பிடித்தாள். மறுபடி வழுக்கியது.

"சீமையில படிச்சவளுக்குக் கொட்டை ஒடைக்க வரல" என்று சிரித்தாள் மூக்காயி. பிறகு சிரிப்பு நின்றது. "அந்த ரெண்டு வெரல ஏன்த்தா மடக்கி வச்சிருக்க?"

"டைப் அடிச்சு அடிச்சு மரத்துப்போச்சுக்கா."

மூக்காயி அவள் கையை இழுத்துத் தன் கரிக்கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு விரல்களையும் பிரிக்கப் பார்த்தாள். அவை வந்தன, விட்டதும் மடங்கிக்கொண்டன. அடுப்புப் பக்கத்தில் இருந்தும் ஐஸ் மாதிரி இருந்தன.

"அவன் இப்படித்தான் ஒடைக்கத் தெரியாம முழிப்பான்" என்றாள் மூக்காயி.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பரிமளா அவன் கோப்பை முழுக்க அழித்தாள்.

சர்வரில் இருக்கிற நகலையும் எடுத்துவிடச் சொல்லி முந்தின நாளே அருண்குமாரிடம் சொல்லியிருந்தாள். வெற்றுக் கோப்பைத் திறந்தாள். பக்கம் வெள்ளையாக இருந்தது. உட்கார்ந்து அதையே பார்த்தாள்.

பெயர்: பரிமளா.

கை: இடது ஐந்து, வலது ஐந்து.

அப்புறம் ஒவ்வொன்றாக எழுதினாள். எண்டருக்கு எண்டர். அழிப்பதற்கு அதன் விசை. ஸ்பேஸ் பார் வெறும் இடைவெளிக்கு மட்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக. பின்னால் வெளிர் மஞ்சள். அவன் எப்போதும் கறுப்பு வைத்திருந்தான். மடங்கிய விரலை இடது கையால் பிடித்து நிமிர்த்தி விசைமேல் வைத்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சுண்டு விரல் எண்டரை அழுத்தியது. கோடு ஒரு வரி கீழே இறங்கியது. அவள் சிரித்தாள். திரும்பத் திரும்ப அழுத்தி, கோடு இறங்குவதைப் பார்த்தாள். கல்லூரி விடுதியின் வராந்தாவில் விளக்கடியில் உட்கார்ந்து இப்படி ஒன்று எழுதியது நினைவு வந்தது. அப்போது அதற்குப் பெயர் தெரியாது, இப்போது தெரிந்தது. தனக்கு ஏற்றபடி.

மதியம் குடத்தை நகர்த்தினாள். உப்பை வலது பக்கம் வைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளை பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். நல்ல தூக்கம்.

திங்கட்கிழமை எண்டர் விசை வேலை செய்யவில்லை.

திரை கறுப்பாக இருந்தது.

கோப்பைத் திறந்தாள். அவன் எழுதிய வரிகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. மேலே போனாள். தலையில் இருந்த இரண்டு வரிகளைப் படித்தாள்.

பெயர்: பரிமளா.

கை: இடது ஐந்து, வலது மூன்று.

போனை எடுத்தாள்.

"சர்வர்ல இருந்து திரும்ப வந்துருச்சா தம்பி?"

"எப்படி அண்ணி வரும்? சனிக்கெழமையே அழிச்சிட்டேன். ஒங்க மெஷின்ல நீங்கதான் சேவ் பண்ணிருக்கணும்."

"நான் நேத்து மத்தியானம் அதத் தொடவே இல்ல."

"இல்லியே. ஆன்லைன்ல இருந்தீங்களே அண்ணி. ஞாயித்துக்கெழமை கூட வேலை பாக்குறாங்களேன்னு நெனச்சு ஒரு மெசேஜ் போட்டேன். நீங்களும் பதில் போட்டீங்க."

"என்னன்னு?"

"ஒண்ணுமில்ல. வெறும் ஸ்பேஸ். கை பட்டுருச்சு போலன்னு விட்டுட்டேன்."

காவ்யா கூடத்தில் சிலேட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். பரிமளா அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"நேத்து அம்மா தூங்குறப்ப நீ ரூமுக்குள்ள போனியா?"

"நீதான் போன."

"நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்மா."

"தூங்கிக்கிட்டேதான் போன." காவ்யா சிலேட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "நான் மிட்டாய் எடுத்துக்கவான்னு கேட்டேன். சரின்னு தட்டுனாங்க."

"யாரு தட்டுனது?"

பிள்ளை அவளைப் பார்த்தது. முகத்தை இல்லை. கையை.

*

வேலை போனால் போகட்டும்.

கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் உரச்சாக்கில் போட்டுக் கட்டினாள். கட்டும்போது ஸ்பேஸ் பார் சாக்குக்குள் ஒரு முறை அமுங்கியது. டொக். அவள் முடிச்சை இறுக்கினாள்.

மழை திரும்பவும் பிடித்திருந்தது. பொழுது அடங்கவில்லை, ஆனால் தோப்புப் பக்கம் அதற்குள் இருட்டு. காவ்யா கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசற்கதவை ஒருக்களித்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாக்கோடு வேலியைத் தாண்டி மூக்காயி கொட்டகைக்கு ஓடினாள்.

மூக்காயி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாக்கைப் பார்த்தாள்.

"என்னாத்தா அது?"

"நாளைக்கு பஸ்ல கந்தர்வக்கோட்டை போயி கூரியர்ல போட்டுர்றேன்க்கா. இன்னைக்கு ஒரு நாளு இங்க இருக்கட்டும்."

"புதுசுன்னியே."

"பொய் சொன்னேன்க்கா."

மூக்காயி திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று பரிமளாவுக்குத் தோன்றியது. கரிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உள்ள கொண்டாராத. அந்தக் கல்லு மேல வச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போ." ஓர் அடி முன்னால் வந்தாள். "பிள்ள எங்க?"

"தூங்குறா."

"தனியாவா?"

பரிமளா சாக்கைக் கல்லின் மேல் வைத்துவிட்டு ஓடினாள். சேறு காலை இழுத்தது. வேலி முள் துண்டைப் பறித்துக்கொண்டது. பாதி வழியில் ஊர் முழுக்கக் கரண்டு போனது. எதிரே இருந்த தன் வீடு ஒரு கறுப்புக் கட்டியாக மாறுவதைப் பார்த்தாள்.

கூடத்தில் பாய் இருந்தது. போர்வை இருந்தது. பிள்ளை இல்லை.

"காவ்யா."

மழை ஓட்டுச் சார்ப்பில் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே வேறொரு சத்தம். மழை மாதிரியே. மழை இல்லை.

இடது பக்கம் பொலபொலவென்று.

வலது பக்கம் மூன்று சொட்டு.

டொக்.

உள் அறைக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. மேசை மேல் ஒன்றும் இல்லை. அவள்தானே எடுத்துப் போனாள். சாக்கு கல்லின் மேல் இருக்கிறது. மழையில் நனைகிறது. தன் கையால் வைத்தாள்.

சுட்ட கொட்டையின் வாசம். மூக்காயி கொட்டகை வாசம் இல்லை. ஆறிப்போன, பழைய காரம்.

"காவ்யா, வெளிய வாடி. அம்மா வந்துட்டேன்."

"இங்கதாம்மா இருக்கேன்." குரல் கதவுக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து வந்தது. விளையாடுகிற குரல்.

பரிமளா நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்காலி தெரிந்தது. அதன் முதுகு தெரிந்தது. இருட்டு அதில் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

கை எதைப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தாள்.

வலது கை. கீல் பக்கம்.

எத்தனையோ நாளாக மடங்கிக் கிடந்த இரண்டு விரல்கள். அவளாகப் பிரித்தும் நிற்காத விரல்கள். இப்போது தாமாக நிமிர்ந்திருந்தன. நேராக. இடுக்குக்குள்.

எடுக்கப் பார்த்தாள். தோள் அசைந்தது. முழங்கை அசைந்தது. மணிக்கட்டுக்குக் கீழே யாருடைய கையோ.

இடது கையால் பிடித்து இழுத்தாள். மூன்று விரல்கள் வந்தன.

"காவ்யா, கதவத் தொடாத."

பிள்ளைக்குக் கேட்கவில்லை. அது அவளிடம் பேசவும் இல்லை. நாற்காலியின் பக்கம் திரும்பியிருந்தது. சின்ன உள்ளங்கைகள் பலகையில் பதிகிற சத்தம் கேட்டது. பாதங்கள் தரையில் ஊன்றுகிற சத்தம்.

"அப்பா, சாத்தவா?"

மழை.

டொக்.

பரிமளா மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தாள்.

கதவு அசைந்தது.